ஊர் பதில் சலாம் வைத்த நோய்

வலது கை தானாக எழுந்தது. எல்லாம் அதிலிருந்துதான்.

முழங்கை மடங்கும். விரல்கள் குவிந்து நெற்றியை நோக்கி ஏறும். அதே நேரத்தில் வலது கன்னம் காதுப் பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. பிறகு கை இறங்கிவிடும், ஒன்றும் நடக்காததுபோல. வலி இல்லை, மயக்கம் இல்லை. கையில் பேனா இருந்தால் விழும், டீ இருந்தால் சட்டை நனையும். அவ்வளவுதானே என்று இரண்டு மாதம் டாக்டரிடம் போகாமல் இருந்தேன். போகாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லாமல் இந்த நோயைச் சொல்ல முடியாது.

வேறு ஊராக இருந்திருந்தால் பார்த்தவர்கள் பயந்திருப்பார்கள். ஆம்பூரில் நெற்றிக்கு ஏறும் வலது கைக்கும் கூடவே வரும் அரைச் சிரிப்புக்கும் ஒரு பொருள்தான் உண்டு. அத்தர் கடை பாய் கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சலாம் வைத்தார். தொழுகை முடிந்து வந்த பெரியவர் ஒருவர் நின்று, “வ அலைக்கும்” என்று சொல்லி, யாரென்று தெரியாமலே என் நலம் விசாரித்தார். நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் வாசலில், இத்தனை நாள் என் அடையாள அட்டையை மட்டுமே பார்த்துவந்த செக்யூரிட்டி முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

நான் தனிக்கட்டை. ஐம்பத்திரண்டு வயது. தோலைத் தடவிப் பார்த்து, கீறல், உண்ணிக்கடித் தழும்பு, நரம்போட்டம் பார்த்து ஒன்றாம் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது என் தொழில். செலக்‌ஷன் என்பார்கள். மீதி நேரத்தில் எழுதுவேன். ஒரு நாளைக்கு என்னோடு பேசுகிறவர்கள் மூன்று பேர் இருந்தால் அது பெரிய நாள். அப்படிப்பட்டவனுக்கு ஒரு தெருவைக் கடப்பதற்குள் ஏழெட்டு சலாம். கடைவீதி வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். நோயை நான் மரியாதை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு மாலை, ஸ்டேஷன் ரோட்டில், எதிர்ப்பக்கம் அன்வர் நின்றுகொண்டிருந்தான்.

அன்வரோடு எனக்கு ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அதற்கு முன் பதினெட்டு வருடம், தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று தோல் பார்த்தவர்கள் நாங்கள். அவனைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவது என் வழக்கம். அன்று திரும்புவதற்குள் கை எழுந்துவிட்டது. கன்னம் இழுத்துச் சிரித்தும்விட்டது. அன்வர் அசையாமல் நின்றான். ஒரு லாரி எங்களுக்கு நடுவே போனது. அது போன பிறகு பார்த்தால், அவனுடைய கை நெற்றியில் இருந்தது. நான் வேகமாக நடந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குச் சரியாகத் தெரியாது. பிறர் சொல்லிக் கேட்டதுதான். சாப்பிட்டு முடித்த கையோடு “சாப்பாட்டு டைம் ஆயிடுச்சா” என்று கேட்டேனாம். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேனாம். வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கு என்று சூப்பர்வைசரிடம் காட்டினேனாம். அவர் என் அக்காவுக்கு போன் செய்தார்.

அக்கா சத்துவாச்சாரியில் இருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியை. அன்றே வந்து என்னை அழைத்துப் போனாள். அங்கே பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சோடியம் குறைவு, அதாவது ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்திருக்கிறது. அக்கா எனக்கு மோரிலும் கஞ்சியிலும் உப்பை அள்ளிப் போட்டாள். இரண்டு நாள் கடல் தண்ணீர் குடித்தேன். மூன்றாம் நாள் அவளையே “நீங்க யாரு வீட்டம்மா” என்று கேட்டேன். அக்கா அழவில்லை. ஆட்டோ பிடித்தாள்.

வேலூரின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியை நான் வெளியிலிருந்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் அது வேறு தேசம். காத்திருக்கும் கூடத்தில் எனக்கு இடப்பக்கம் வங்காளத்துக் குடும்பம், வலப்பக்கம் அஸ்ஸாமிலிருந்து வந்த தம்பதி, எதிரில் எந்த மொழி என்றே தெரியாத ஒரு பெரியவர். மூன்று நாள் ரயிலில் வந்து இறங்கியவர்கள் நிதானமாக உட்கார்ந்திருக்க, ஒரு மணி நேரத் தொலைவில் வாழ்ந்த நான்தான் அங்கே அந்நியன் மாதிரி விழித்தேன். டோக்கன் எண்ணை அக்கா என் உள்ளங்கையில் எழுதியிருந்தாள்.

நரம்பியல் டாக்டர் என்னைவிட இளையவர். மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் கை எழுந்தது. அவர் பதில் வணக்கம் வைக்கவில்லை. கையையே பார்த்தார்.

“இது எப்பலேர்ந்து?”

“எது சார்?”

“இப்ப கை மேல போச்சே.”

“அது சும்மா வந்து வந்து போவும் சார்.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“எண்ணல சார். அறுபது இருக்கும்.”

அவர் தன் போனை எடுத்து நிமிர்த்தி வைத்தார். “சும்மா பேசிட்டு இருங்க. உங்க ஊர்ல மழை எப்படி?” நான் மழையைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் கை நான்கு தடவை ஏறி இறங்கியது. அவர் அதை அக்காவுக்கும் எனக்கும் போட்டுக் காட்டினார். என் முகத்தில் இருந்தது சிரிப்பே இல்லை என்று அன்றுதான் பார்த்தேன். யாரோ கொக்கி மாட்டி இழுத்தது போல இருந்தது.

அது வலிப்பு. வலிப்பு என்றால் விழுந்து துடிப்பது, வாயில் நுரை, கையில் இரும்புச் சாவி என்றுதான் நமக்குத் தெரியும். இது முகத்தையும் கையையும் மட்டும் ஒரு நொடி பிடித்து விட்டுவிடுகிற சின்ன வலிப்பு. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிக் கையும் முகமும் ஒரே பக்கமாக, ஒரே மாதிரி, மறுபடி மறுபடி இழுத்தால், கூடவே மறதியும் சேர்ந்தால், பழக்கதோஷம் என்று விட்டுவிடாதீர்கள். போனில் படம் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இதற்காகவாவது இந்தக் கட்டுரை உதவட்டும்.

பிறகு சோதனைகள். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி மூளையின் மின்சாரத்தைக் கோடுகளாக வரைவது ஒன்று. பசை வாசனைக்கு எங்கள் கம்பெனியின் கட்டிங் ஹால் ஞாபகம் வந்தது, மறக்காமல் அதுவாவது வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து மூளையைப் படமெடுப்பது இன்னொன்று. தோல் ஊறும் மர டிரம்முக்குள் ஆளைப் போட்டு உருட்டினால் அந்தச் சத்தம்தான் வரும். மூன்றாவது, முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசி விட்டு, மூளையைச் சுற்றி இருக்கும் நீரில் கொஞ்சம் எடுப்பது.

“குழந்தை மாதிரி சுருண்டுக்கோங்க அண்ணா,” என்றார் நர்ஸ். ஒரு கையால் என் பின்கழுத்தையும் இன்னொரு கையால் முழங்கால்களையும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசி வலித்தது. இருந்தாலும் அவர் சீக்கிரம் விட்டுவிடக் கூடாதே என்றிருந்தது. கடைசியாக ஒருவர் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது எப்போது என்று யோசித்தேன். நினைவு வரவில்லை. அந்த மறதிக்கு நோய் காரணம் இல்லை.

விடை வந்தது. வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய என் ரத்தத்தின் காவல், மூளையிலிருக்கும் ஒரு புரதத்தை எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தது. அதனால் மூளைக்குள் வீக்கம். உப்பு குறைந்ததற்கும் அதுதான் காரணம். நான் உப்பைக் குறைவாகத் தின்றதால் இல்லை. உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் தேக்கிக்கொண்டதால் உள்ளிருந்த உப்பு நீர்த்துப்போயிருந்தது. ஆகவே உப்பு மோரை நிறுத்தி, தண்ணீருக்குக் கட்டு. நாளெல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்தான். காவலை அடக்க ஐந்து நாள் ஸ்டீராய்டு மருந்து, சொட்டுச் சொட்டாக நரம்பில்.

படுக்கையின் தலைமாட்டில் அளவு போட்ட ஒரு பாட்டில். அதில் தண்ணீர் குறைவதைப் பார்த்துக்கொண்டே பகல் போகும். அக்கா பள்ளிக்கூடம் விட்டு மாலையில் வருவாள். ரசம் சாதத்தைக் கெட்டியாகப் பிசைந்து, அதிலிருக்கும் தண்ணீரும் கணக்கில் சேருமோ என்று நர்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் ஊட்டுவாள். பில் வந்தால் மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள், எனக்குக் காட்டமாட்டாள். அவள் போன பிறகு பக்கத்துக் கட்டில்களில் வங்காளம் பேசுவார்கள். புரியாத மொழியில் பிறர் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதைப் போலத் தனிமை வேறில்லை.

மறதி ஒரேயடியாக வருவதில்லை. துளை துளையாக வந்தது. “நாம கன்னியாகுமரி போனப்ப” என்று அக்கா ஆரம்பிப்பாள். என்னிடம் கன்னியாகுமரி இருக்காது. நான் தலையாட்டக் கற்றுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மருந்து ஏறியபோது கை ஓய்ந்தது. ஒரு பகல் முழுக்க அது என் பக்கத்தில் சாதுவாகக் கிடந்தது. மறுநாள் அன்வர் வந்தான்.

வார்டு வாசலில் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, கட்டில் கட்டிலாக முகம் பார்த்துக்கொண்டே வந்தான். தாடி நரைத்திருந்தது.

“இன்னாடா குணா, இப்டி படுத்துனு கீறே?”

“வா,” என்றேன்.

“கம்பெனில சொன்னாங்க. உனுக்கு உப்பு கம்மியாமே. ஆம்பூர்காரனுக்கு உப்பு கம்மியா? தோல் மண்டில ரெண்டு உருட்டு உருட்டினா சரியாய்ட்டு போவுது. இதுக்கு எதுக்குடா ஆஸ்பத்திரி?”

சிரித்தேன். இது நானே சிரித்தது. தோல் மண்டியில் பச்சைத் தோல்கள் உப்புக்குள் புதைந்து கிடப்பது அவனுக்கும் எனக்கும் மட்டும் அந்த வார்டில் தெரியும்.

அவன் தினமும் வர ஆரம்பித்தான். காலையில் ஆம்பூரிலிருந்து பஸ், மாலை அக்கா வரும்வரை இருப்பு. சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் தவிர வேறெதற்கும் எழுந்து போகமாட்டான். எனக்குத் தண்ணீர்க் கட்டு என்று தெரிந்ததும், என் எதிரில் அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. “குடியேன்டா, எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றால், “எனுக்கு நோன்புல முப்பது நாள் பழக்கம்டா, பேஜார் பண்ணாத,” என்பான்.

அக்காவுக்குத்தான் ஆச்சரியம். “அன்வரா வந்தான்? ஒன்பது வருஷமா பேசலையே நீங்க.”

“ஏன் பேசலக்கா?” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். “என்னக் கேக்கற? நீ எங்க சொன்ன? எத்தனையோ தடவ கேட்டேன். வாயத் தொறக்கலியே.”

அப்போதுதான் தேடிப் பார்த்தேன். பேசாமல் இருந்தது தெரிகிறது. சந்தில் திரும்பியது தெரிகிறது. ஏன் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. துடைத்த பலகை. யாரிடமும் சொல்லாமல் ஒன்பது வருடம் என் தலைக்குள் மட்டும் வைத்திருந்தேன், தலை அதைத் தொலைத்துவிட்டது. இனி அது இருப்பது உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம். அந்த ஆள் என் கட்டிலருகில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருக்கிறான், நான் சலாம் வைத்துவிட்டேன் என்ற நம்பிக்கையில். நான் வைக்கவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவான். சொல்லாவிட்டால் நோய் சம்பாதித்த நட்பை நான் சாப்பிடுகிறேன்.

எஸ்தர் வந்தது அந்த நாட்களில்தான். “நான் ஊசி போடற டாக்டர் இல்ல சார், ஆராய்ச்சி,” என்று சொல்லிக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆலங்காயத்தில் பிறந்தவர். வெளிநாட்டில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். மூளைச் செல்லின் சுவரிலிருக்கும் கதவுகளைப் பற்றித்தான் அவருடைய வேலை முழுக்க. என் ரத்தத்தில் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்க வந்திருந்தார்.

“கதவுன்னா?”

“நம்ம மூளைல ஓடற மின்சாரம் ஒயர்ல ஓடற மின்சாரம் இல்ல சார். உப்புதான். சோடியம், பொட்டாசியம், கால்சியம். மின்சாரம் ஏறின அணு, அயனின்னு சொல்வோம். அது செல்லுக்குள்ள போக ஒரு கதவு, வெளிய வர ஒரு கதவு. சோடியம் உள்ள பாஞ்சா செல் பேசும். பொட்டாசியம் வெளிய போனா பேச்ச நிறுத்தும்.”

“நான் படிக்கிறது ரெண்டாவது கதவ,” என்றார். “மூளைக்குப் பேசறது கஷ்டம் இல்ல சார். நிறுத்தறதுதான் கஷ்டம்.”

நான் நடக்க ஆரம்பித்ததும் ஒரு பகல் என்னைத் தன் ஆய்வறைக்கு அழைத்துப் போனார். ஜன்னல் இல்லாத சிறிய அறை. தெருவில் பஸ் போனால் அதிராமலிருக்கக் காற்றில் மிதக்கும் மேசை. அதைச் சுற்றி, வெளி மின்சாரம் புகாமலிருக்கக் கம்பி வலைக் கூண்டு. நடுவே ஒரு கிண்ணத்தில், ஆக்ஸிஜன் குமிழியிடும் உப்புநீரில், எலியின் மூளையிலிருந்து சீவிய ஒரு மெல்லிய துண்டு. மூச்சு விட்டால் கலைந்துவிடும் போலிருந்தது. அது இன்னும் உயிரோடிருக்கிறது என்றார். முடியைவிட மெலிந்த கண்ணாடிக் குழாயின் நுனியை ஒற்றைச் செல்லின் மீது தொட்டுப் பிடித்திருந்தார். செல் பேசுவதை ஒரு ஸ்பீக்கரில் கேட்க முடிந்தது. டப். அமைதி. டப். அமைதி.

“இது நோயில்லாத ஒருத்தர் ரத்தத்துலேர்ந்து பிரிச்சத ஊத்தினப்ப. இப்ப உங்களோடத ஊத்தப் போறேன். கொஞ்ச நேரம் ஆவும்.”

நெடுநேரம் ஆனது. இருவரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு அமைதிகள் குறுகின. டப் டப். டப் டப் டப். கடைசியில் கூரைத் தகரத்தில் மழை விழுவது போல நிற்காமல் வந்தது. யாரோ ஓர் எலியின் மூளையில் என் ரத்தம் போய் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது.

“உங்க ரத்தம் அடிக்கறது கதவக்கூட இல்ல சார்,” என்றார் எஸ்தர், ஸ்பீக்கரைத் தணித்து. “ரெண்டு செல்லுக்கு நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. அந்த இடைவெளில நின்னுக்கிட்டு இந்தப் பக்கம் ஒருத்தனையும் அந்தப் பக்கம் ஒருத்தனையும் புடிச்சுக்கிட்டு இருக்கற ஒரு புரதம். அது விட்டுடுச்சுன்னா கதவுங்க எடம் மாறிப் போய்டுது. நிறுத்த ஆள் இல்ல.”

“சரியாகுமா?”

“நிறுத்தறது திரும்ப வந்துடும். கை நின்னுடுச்சு பாருங்க. ஞாபகம் எவ்வளவு திரும்பும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. சில பேருக்கு வருது. சில பேருக்கு அந்த எடம் காலியாவே இருக்கு. இத்தன வருஷமா இந்த ஒரு கதவு முன்னாடிதான் உக்காந்திருக்கேன். இன்னும் தெரியல.”

அதை அவர் சொன்ன விதத்தில், அந்தக் கூண்டுக்குள் தனியாகக் கழிந்த அத்தனை பகலும் எனக்குக் கேட்டது. ஏனோ அவரிடம் சலாம் கதையைச் சொன்னேன். அத்தர் கடை, செக்யூரிட்டி, எல்லாம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“ரெண்டு மாசம் ஊரே பாத்திருக்கு,” என்றார். “ஒருத்தர்கூடவா சந்தேகப்படல?”

“எனக்கே அது நோயா இருக்க வேணாம்னு இருந்துச்சு மேடம்.”

அன்று வார்டுக்குத் திரும்பியபோது அன்வர் என் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தான். தலையணையைத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினான்.

“உனுக்கு ஒண்ணு சொல்லணும் தோஸ்த். அன்னிக்கு ஸ்டேஷன் ரோட்ல நீ கை தூக்கினே பாரு. வூட்டுக்குப் போய் தொழுகைல நின்னேன், நிக்க முடில. அழுதுட்டேன். சம்சாரம் பயந்துட்டா. ஒம்பது வருஷம்டா. நானே வந்து பேசணும்னு தெனம் நெனப்பேன், தைரியம் வராது. நீ பெரிய மனசு பண்ணி கை தூக்கினே.”

இதற்கு மேல் எப்படிப் பேசாமல் இருப்பது.

“அன்வர். அத நான் தூக்கல.”

“எத?”

“கைய. அதான் நோவு. ஒரு நாளைக்கு அறுபது தடவ தானா எழுந்துக்கும். அன்னைக்கு நீ எதிர்ல இருந்த.”

அவன் கையில் தலையணை அப்படியே நின்றது. “சிரிச்சியே.”

“அதுவும் இழுப்புதான்.”

“என்னப் பாத்து இல்ல.”

“உன்னப் பாத்தா நான் சந்துல திரும்பிடுவேன்டா. அன்னைக்கும் திரும்பத்தான் பாத்தேன்.”

அவன் தலையணையைக் கட்டிலில் வைத்து, சுருக்கம் போகத் தடவி விட்டான். நாற்காலியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டான். “அப்ப நான் வந்தது தப்பு,” என்றான், தனக்குத் தானே. வாசலில் செருப்பை மாட்ட அவனுக்கு வெகுநேரம் ஆனது.

மறுநாள் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும். தண்ணீர்க் கட்டைத் தளர்த்தினார்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். அதைச் சொல்வதற்குப் பக்கத்தில் ஆளில்லை. ஸ்டீராய்டினால் முகம் பூசணிக்காயாக வீங்கியது. மதியம் முழுக்கப் பசித்தது. கை எழவே இல்லை. அது எழாதா என்றுகூட ஒரு தரம் பார்த்தேன், கடவுள் மன்னிக்கட்டும்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். சத்துவாச்சாரியில் அக்கா வீட்டு மாடி அறை. ஜன்னலில் நெடுஞ்சாலை தெரியும், சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற வண்டிகள் ஓயாமல் போகும். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று அக்கா மூன்று டப்பாவில் போட்டு வைத்தாள். எதையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். எழுதினேன். எழுதும்போதெல்லாம் துளைகளின் ஓரம்தான் தட்டுப்பட்டது, உள்ளே ஒன்றும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு அன்வர் வந்தான். மாடிப்படி ஏறி வந்து, உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றான்.

“உங்க அக்கா போன் பண்ணாங்க. உனுக்குப் பழசு எதுவும் ஞாபகம் இல்லியாமே. நம்ம விஷயமும் இல்லியா?”

“இல்ல.”

“சத்தியமா?”

“ஒண்ணும் இல்லடா.”

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். “அப்ப நான் சும்மா இருந்துட்டா முடிஞ்சுபோச்சு. உனுக்குத் தெரியவே போறதில்ல. அல்லாவே தொடச்சு உட்டுட்டான்னு கூட நெனச்சேன். மூணு வாரமா தூக்கம் வரல.” உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். “கேளு. ஒரு தடவதான் சொல்வேன்.”

சொன்னான். ஒரு லாட் தோலை நான் மூன்றாம் தரம் என்று பின்பக்கத்தில் சாக்பீஸால் 3 போட்டு ஒதுக்கியிருக்கிறேன். மேனேஜர் அன்வரைத் தனியாகக் கூப்பிட்டு, அதில் பாதியை இரண்டாம் தரத்தோடு சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அன்வர் நான் சாப்பிடப் போன நேரத்தில் என் 3-ஐத் துடைத்துவிட்டு, என் கையெழுத்து மாதிரியே 2 போட்டிருக்கிறான். சரக்கு கப்பலில் போய்த் திரும்பி வந்தது. முதலாளி எங்கள் முன்னால் தோலை விரித்து, இது யார் கை என்று கேட்டபோது, அன்வர் என்னைப் பார்த்தபடியே “குணா போட்டது” என்றிருக்கிறான். அன்று மாலையே எனக்கு வேலை போனது.

“நான் அப்ப பொண்ணு கல்யாணம் வெச்சிருந்தேன். அதான். வேற ஒண்ணும் இல்ல,” என்றான். “திட்டு.”

நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பேப்பரில் படித்த யாருடைய கதையோ மாதிரி இருந்தது. பாவம் அந்த ஆள் என்றுதான் தோன்றியது.

“திட்டுடா.”

“எனக்கு நடந்த மாதிரியே இல்ல அன்வர். எப்டி திட்டறது?”

“அப்ப மன்னிச்சிட்டேன்னு சொல்லு.”

“அதுவும் முடியாது. மன்னிக்கணும்னா எனக்குக் கோவம் இருக்கணும். அது இல்லாம சொன்னா பொய். திரும்பவும் அந்தக் கை தூக்கற கதைதான்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அடுத்த ஞாயிறு வா,” என்றேன். “மறுபடி சொல்லு. எது எது ஞாபகம் இருக்கோ எல்லாம்.”

“ஒரு தடவ சொல்லவே உயிர் போச்சுடா.”

“வா.”

வந்தான். ஞாயிறு தவறாமல் வந்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னான். அன்று என்ன வெயில், மேனேஜர் என்ன சட்டை, நான் சாப்பிட்டுவிட்டு வந்து கை துடைத்துக்கொண்டே அவனிடம் என்ன தமாஷ் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன்தான் இளைத்தான். நான் நோட்டில் குறித்துக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு, பிறர் வீட்டுத் துக்கம் கேட்பவனைப் போல உட்கார்ந்திருந்தேன். இப்படித்தான் முடியப் போகிறது, அந்த இடம் காலியாகவே இருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன் என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன்.

நேற்று ஐந்தாவது தடவை. அக்கா கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அன்வர் என் நோட்டை வாங்கி, “இப்டி போட்டேன்டா, உன் கை மாதிரியே,” என்று சொல்லி ஒரு 2 எழுதினான். அடிக்கோட்டை இழுத்து, நுனியில் லேசாக மேலே சுழித்தான்.

“இல்ல,” என்றேன்.

“இன்னா இல்ல?”

“நான் சுழிக்க மாட்டேன். என் ரெண்டு தட்டையா முடியும்.” நோட்டை என் பக்கம் இழுத்தேன். “அன்னைக்கு மேசைல அந்தத் தோலத் திருப்பிப் போட்டாங்க. சுழி இருந்துச்சு. நான் பாத்தேன். நீ போட்டதுன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுது. முதலாளிகிட்ட சொல்லிருப்பேன். ஒரு வார்த்த. நீ சொல்வேன்னு நின்னேன்டா. பதினெட்டு வருஷம். நீயே சொல்வேன்னு வாய மூடிக்கினு நின்னேன். நீ என் மூஞ்சியப் பாத்து சொன்னே.”

நான் எழுந்து நின்றிருந்தேன். உடம்பு நடுங்கியது. இந்த நடுக்கத்துக்கு மாத்திரை இல்லை. வாயிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. கீழே துணி அலசும் சத்தம் நின்றது. அன்வருடைய கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

“போடா,” என்றேன். “எழுந்து போ.”

அவன் போகவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.